சுவர் வைக்கிறதுக்கு முன்னாடி

ஆண்டர்சன்பேட்டை
20-1-1957

சித்தார்த்தா,

உனுக்கு கடுதாசி போடக் கூடாதுன்னுதான் இருந்தேன். தங்கச் சுரங்கத்த சர்க்கார் எடுத்துக்கினு கொடி ஏத்துன அன்னிக்கு, அத்தினி பேரு எதிர்ல "எங்கக்கா கம்பெனிக்காரன் எச்ச சோத்துக்கு ஏங்கறவ"ன்னு சொன்னியே, அது இன்னும் காதுலயே இக்கிது. நான் அப்பிடி இன்னா சொல்லிட்டேன்? கம்பெனிய எதுத்து நீ கொடி புடிச்சே, நாளைக்கு சர்க்கார எதுத்து எவன் புடிப்பான், கொடியே அவங்க கைல இக்கிதேன்னு கேட்டேன். அதுக்கு ஊரு சிரிக்க வச்சிட்டு, பெங்களூர்ல சர்க்கார் சுரங்க ஆபீசுல டைப்பு அடிக்கப் போயிட்டே. போ, நல்லா இரு.

இப்ப எழுதறது வேற விசயம். உங்க மாமா, எம்புருசன், ஹார்விக் சுரங்கத்துல போனதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் போயி நிக்கல. இந்த சாப்பாட்டுக் கடைய நானே போட்டேன், நானே நடத்தறேன், உனுக்குத் தெரியும். பகல் ஷிப்ட் ஆளுங்க சாப்ட்டு எழுந்து போனப்புறம், மத்தியானம் கொஞ்சம் நேரம் கடை காலியா இருக்கும் இல்ல, அந்த நேரத்துல சமையக்கட்டுக்குக் கீழ ஒரு சத்தம் வருது. கல்லு இடிக்கிற மில்லு சத்தம் இல்ல. மில்லு சத்தம் பொறந்ததுலர்ந்து கேட்டுகினு இக்கிறோம், அது தூரத்துல இடிக்கும். இது நேரா காலுக்குக் கீழ. அண்டாவுல தண்ணி வட்டம் வட்டமா அதிருது.

எங்கடைக்குக் கீழ புதுசா எதுனா சுரங்க லெவல் வெட்டறாங்களா? உங்க ஆபீசுல பிளான் இருக்கும். பாத்து சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல.

யசோதா

*

பெங்களூர்
2-2-1957

அன்புள்ள அக்கா,

தங்கள் கடிதம் கிடைத்தது. விசாரித்தேன். ஹார்விக் சுரங்கத்தில் தங்கள் கடைப் பக்கமாக இருப்பது மேல்மட்டத்துப் பழைய லெவல் ஒன்றுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் தீப்பிடித்து, காற்றை நிறுத்தித் தீயை அணைக்கச் சுவர் வைத்து அடைக்கப்பட்ட அதே லெவல். அதில் இன்று மனிதர் யாரும் இல்லை, வேலையும் இல்லை. பழைய வெட்டுகளில் பாறை இறங்கும்போது இப்படிச் சத்தம் வருவது உண்டு என்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

தாங்கள் கொடியைப் பற்றி எழுதியதால் நானும் ஒரு வார்த்தை எழுதுகிறேன். மாமாவை உள்ளே விட்டுச் சுவர் வைத்தது யார்? கம்பெனி. எந்த உரிமையில் வைத்தது? என் சுரங்கம், என் சொத்து, என் முடிவு என்ற உரிமையில். அன்று நாங்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் நின்று கத்தினோம். உடம்பையாவது கொடுங்கள் என்று கேட்டோம். துரை காரை விட்டு இறங்கக்கூட இல்லை. தனி மனிதர் சொத்து, தனி மனிதர் உரிமை என்று நீங்கள் கும்பிடுகிற சாமிதான் மாமாவைத் தின்றது. இன்று சுரங்கம் நம் எல்லோருக்கும் சொந்தம். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்சி. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆட்சி. இந்த வித்தியாசம் தங்களுக்கு ஏன் புரியவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

அன்று பேசியது அதிகம்தான். 

சித்தார்த்தன்

*

ஆண்டர்சன்பேட்டை
1-3-1957

சித்தார்த்தா,

இன்னா புதுசா "தாங்கள்"? ஆபீசுல பழகிகிச்சா? நான் உன்ன இடுப்புல தூக்கினு சைனைட் மண் மேடு சுத்துனவ. நீன்னே எழுது.

பாறை இறங்குதுன்னு எழுதிகிறே. பாறைக்கு எண்ணத் தெரியுமா?

நம்ம வேலு மாமா இல்ல, ஆளுங்கள ஏத்தி எறக்கற கேஜுக்கு இஞ்சின் ஓட்டிகினு இருந்தாரே, பென்சன் வாங்கி மத்தியானம் எங்கடையிலதான் சாப்புடறாரு. போன புதங்கெழம கை கழுவ உள்ள வந்தாரு. சத்தம் வந்திச்சி. அப்பிடியே நின்னுட்டாரு. மூணு தட்டு. கொஞ்சம் நிறுத்தி திரும்ப மூணு. கையில இருந்த சொம்பு வுழுந்திச்சி. "யசோதா, இது ஆள் ஏத்தற மணி. கீழ ஆள் நிக்கிது, கேஜ் அனுப்புன்னு அர்த்தம். முப்பது வருசம் இத்தக் கேட்டுதான் நான் கை அசச்சேன்"னாரு. அதுலர்ந்து அவுரு கடைக்கு வர்றதில்ல. வூட்டுக்கே சோறு அனுப்பறேன்.

பக்கத்து வூட்டு பார்வதம்மாவும் கேட்டா. சாமி வந்துருக்குது, எலுமிச்சம்பழம் வையின்னா. நான் புத்தர் படத்த வச்சிகினு எலுமிச்சம்பழத்துக்கு எங்க போறது?

நான் ஒண்ணு பண்ணேன். நீ திட்டுவே. நேத்து மத்தியானம் ஒலக்கைய எடுத்து தரையில தட்டுனேன். மூணு தட்டு. அவ்ளோதான், கீழ நின்னு போச்சி. மூச்சு விடாத மாதிரி ஒரு அமைதி. அப்புறம் வேகமா, ரொம்ப வேகமா, நிறுத்தாம தட்டிகினே இருந்திச்சி. ஒரு ஆள் தட்டற மாதிரி இல்ல. நான் ஒலக்கைய போட்டுட்டு வாசலுக்கு ஓடி வந்துட்டேன்.

சர்க்கார்னா கேட்டா பதில் சொல்லும்னு எழுதுனியே. கேளு. அந்த சுவர தொறக்கச் சொல்லு. உங்க மாமாவ குடுக்கச் சொல்லு. சொந்தம்னு சொல்றீங்க, சொந்தம்னா சாவி எங்க?

யசோதா

*

பெங்களூர்
27-3-1957

அக்கா,

உலக்கையைத் தொடாதே. தயவு செய்து தொடாதே.

உன் சார்பில் மனு எழுதி நானே டைப்பு அடித்து மேலதிகாரி மேஜையில் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். பிறகு சொன்னார்: "அடைத்த லெவலில் கெட்ட காற்று நிற்கும். திறக்கப் போகிறவன் விழுந்தால் அவன் பெண்டாட்டிக்கு யார் பதில் சொல்வது? செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்களைப் பலி கொடுப்பதா? அது பொது ஜனங்கள் பணமும் கூட." என்னால் மறுக்க முடியவில்லை. யோசித்துப் பார், நீயும் மறுக்க முடியாது. ஒருவர் துக்கத்தை விடப் பலர் உயிர் பெரிது. அரசாங்கம் என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான்.

ஆனால் இன்னொன்றும் நடந்துவிட்டது. தரையில் அதிர்வு என்று மனுவில் எழுதியிருந்தேன் அல்லவா, அதை வைத்து உன் கடை இருக்கும் வரிசை முழுவதும் அபாயப் பகுதி என்று முடிவு செய்திருக்கிறார்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். வேறு இடத்தில் வீடு தருவார்கள். கடைக்கு இடம் தருவதாக எழுதவில்லை. நான் கேட்கிறேன்.

கோபப்படாதே. இது உன் பாதுகாப்புக்காக.

சித்தார்த்தன்

*

ஆண்டர்சன்பேட்டை
18-4-1957

சித்தார்த்தா,

நோட்டீஸ் வந்திச்சி. கதவுல ஒட்டிட்டுப் போயிட்டாங்க. நான் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன், எங்கையில குடுக்கல.

நான் புருசனக் கேட்டேன். அவங்க வூட்டக் கேக்கறாங்க. நல்லா இக்கிது உங்க பதிலு.

மேலதான் எனக்கு சொந்தமாம், மண்ணுக்குக் கீழ சர்க்காருக்கு சொந்தமாம், நோட்டீஸ் ஒட்டுனவன் சொல்றான். அப்போ உங்க மாமா யாருக்கு சொந்தம்? அவுரு கீழதானே இக்கிறாரு. கம்பெனிக்காரன் கணக்குல இருந்தவர இப்ப உங்க கணக்குல ஏத்திகினீங்களா? துரை இங்கிலீசுல சொன்னதத்தான் உங்க ஆபீசர் காப்பி குடுத்து சொல்லிகிறாரு. வேற வழி இல்லேன்னு அவனும் சொன்னான்.

ஆனா ஒண்ணு, உங்கிட்ட மறைக்க மாட்டேன். நானும் ஏமாந்துதான் போனேன். கடைக்காரங்க நாம ஒண்ணா நின்னா சர்க்கார் இன்னா பண்ணும்னு நெனச்சி, வியாபாரிங்க சங்கத்துல தாமோதரனப் போயி பாத்தேன். நீங்க எல்லாம் சொந்தக் காலுல நிக்கறவங்க, ஒரு சாப்பாட்டுக் கடைய பலவந்தமா மூட வுடுவீங்களான்னு கேட்டேன். அவன் கல்லாவுல ஒக்காந்துகினே சொல்றான், "யசோதாம்மா, கீழ தட்டுது தட்டுதுன்னு சொல்லினு திரியாதீங்க, பேட்டையில எடத்தோட மதிப்பு பூடும்." எங்க வரிசையில காலி பண்ணிகினு போறவங்க மரம், ஓடு, கதவு எல்லாத்தயும் அவன்தான் ஆள் வச்சி வாங்கி அள்ளிகினு போறான். நான் கும்புடற சாமின்னு எழுதுனியே, அது செத்துப் போச்சின்னு நீ சந்தோசப்படு.

வரிசையே காலியாயிடிச்சி. பார்வதம்மா போயிட்டா. நாய்ங்க கூட இந்தப் பக்கம் வர்றதில்ல. கதவு இல்லாத வூடுங்கள்ல வெயில் மட்டும் உள்ள பூந்து ஒக்காந்துகினு இக்கிது. மத்தியானம் ஆனா எங்கடைக்குக் கீழ மட்டும் இல்ல, காலியான வூட்டுக்குக் கீழயும் சத்தம் நடந்து போவுது. கடேசி வூடு வரைக்கும் போயி திரும்பி வருது. ஆள் எங்க இக்கிதுன்னு தேடற மாதிரி.

நான் போவ மாட்டேன். வந்து தூக்கிப் போடட்டும்.

யசோதா

*

பெங்களூர்
11-6-1957

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததும், சாப்பாடு சாப்பிடாமல் பங்காருபேட்டை ரயிலுக்கு ஓடியதும் உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ இலை போட்டாய். நான் உட்கார்ந்தேன். பிறகு அது ஆரம்பித்தது. உள்ளங்காலில் முதலில் தெரிந்தது, அப்புறம்தான் காதுக்கு வந்தது. இலையில் இருந்த தண்ணீர்த் துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடின. நீ நிதானமாக ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. அந்தச் சத்தத்தோடு நீ குடித்தனம் நடத்துகிறாய்.

பாறை இறங்குவது அல்ல அது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. நான் சாமியும் பேயும் இல்லை என்று மேடையில் பேசியவன். ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஆபீசில் சொன்னேன். ஒருத்தர் காதில் விழுந்ததை வைத்து அரசாங்கம் நடத்த முடியாது என்றார்கள். சரி என்று தோன்றியது. அப்படியானால் எல்லோர் காதிலும் விழட்டும். தொழிலாளர் சங்கத்தில் கொர்னேலியஸ் மேஸ்திரிக்கு எழுதியிருக்கிறேன். அவர் அண்ணனும் மாமாவோடு அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறார். ஒரு மத்தியானம் மில்லை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பம்பு, கேஜ், காற்று மெஷின், எல்லாம். ஊர் முழுக்கக் கேட்கட்டும். கேட்கவில்லை என்றால் நீ என்னோடு பெங்களூர் வந்துவிட வேண்டும்.

சங்கம் என்றால் உனக்குப் பிடிக்காது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஆளை மறந்துவிடுவார்கள் என்பாய். இந்த ஒரு தடவை நம்பு.

சித்தார்த்தன்

*

ஆண்டர்சன்பேட்டை
9-8-1957

தம்பி,

நீ வர முடியலையேன்னு இக்கிது. எப்பிடி எழுதறதுன்னு தெரியல, எழுதிப் பாக்கறேன்.

மில்லு நின்னுடிச்சி.

நம்ம ஊர்ல மில்லு நிக்கிறதுன்னா இன்னான்னு எவனுக்கும் தெரியாது இல்ல? பொறந்ததுலர்ந்து அந்த இடி காதுல இக்கிது, அதனால அது இக்கிறதே தெரியாது. நின்ன ஒடனே கொழந்தைங்க எல்லாம் ஒண்ணா அழ ஆரம்பிச்சிதுங்க. மாடுங்க கயித்த அறுத்துகினு ஓடிச்சி. எனக்கு காது அடச்சிகினு தல சுத்திச்சி. ஆண்டர்சன்பேட்டை பஜார்ல சனங்க நின்னது நின்ன மாதிரி நின்னாங்க. வாய தொறந்தா இன்னா ஆவுமோன்னு பயம். காக்கா றெக்க அடிக்கிறது கேட்டிச்சி. யாரோ பொடவைய சரி பண்ணிக்கறது கேட்டிச்சி.

எங்கடையில சங்கத்து ஆளுங்க, மேனேஜரு, எஞ்சினீரு எல்லாம் தரையப் பாத்துகினு நின்னாங்க. நான் அடுப்பாண்ட. ஒண்ணும் வரல. மேனேஜர் வாச்சிய பாக்கறாரு. எனக்கு மானமே போயிடிச்சி. அப்பதான் தெருவுல யாரோ ஒரு பொம்பள கத்துனா. வெளிய ஓடி வந்தோம். கத்துனவ அவ வூட்டு வாசல்ல மண்டி போட்டு தரைய காட்டறா. அவ புருசன் போயி பத்து வருசத்துக்கு மேல ஆவுது. அடுத்த வூட்டுலயும் ஒருத்தி. அப்புறம் கோயிலாண்ட. அப்புறம் சர்ச்சுக்குள்ளர்ந்து எல்லாரும் ஓடி வர்றாங்க. பஜார்ல நடு ரோட்டுல. தாமோதரன் கல்லாவ வுட்டுட்டு செருப்பு இல்லாம வெளிய வந்து நிக்கிறான். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்துலர்ந்து சைக்கிள்ல ஒருத்தன் வந்து அங்கயும்னு சொல்றான்.

சித்தார்த்தா, அது எங்கடைக்குக் கீழ மட்டும் இல்ல. எப்பவும் இருந்திருக்குது. மில்லு சத்தத்துல யாருக்கும் கேக்கல. எங்கடை ஷாஃப்டாண்ட இக்கிறதால எனக்கு முன்னாடி கேட்டிச்சி, அவ்ளோதான்.

மேனேஜரு மூஞ்சில ரத்தமே இல்ல. மில்ல ஓட்டுங்க, மொதல்ல ஓட்டுங்கன்னாரு. கொர்னேலியஸ் முடியாதுன்னுட்டாரு. சுவர தொறந்தா ஓடும், இல்லாங்காட்டி இப்பிடியே கேட்டுகினு ஒக்காருங்கன்னாரு. சாயந்தரத்துக்குள்ள ஒத்துகினாங்க. எங்க நோட்டீசும் கிழிஞ்சிது. அபாயப் பகுதின்னா இனிமே ஊரயே காலி பண்ணணும் இல்ல?

நான் தனியாவே கத்திகினு இருந்திருந்தா செத்தே போயிருப்பேன். அது உண்ம. எழுதி வச்சிக்கோ.

சொந்த இஷ்டத்துல உள்ள போறவங்க பேரு குடுக்கலாமாம். நீ லீவு போட்டுகினு வர்றேன்னு எழுதி பேரு குடுத்ததா கொர்னேலியஸ் சொல்றாரு. நீ டைப்பு அடிக்கிறவன்டா. போவாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஜாக்கிரத.

அக்கா

*

பெங்களூர்
3-10-1957

அக்கா,

அடக்கத்தன்று உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். எல்லோரும் தீப்பிடித்த நிமிஷமே போய்விட்டார்கள், வலி தெரிந்திருக்காது என்று மேனேஜர் சொன்னபோது நீ தலையை ஆட்டினாய். நான் பேசாமல் நின்றேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். உனக்கு எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய நான் யார் என்றும் நினைத்தேன்.

கொர்னேலியஸ் சுவரை மேலேயிருந்து உடைத்தார். காற்றுக் குழாயை உள்ளே விட்டு ரொம்ப நேரம் காத்திருந்தோம். பிறகு விளக்கோடு நான் இரண்டாவதாக நுழைந்தேன். அன்று தீ எரிந்த இடம் தூரத்தில், உள்ளே இருந்தது. அங்கே யாரும் இல்லை. எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி இருந்தார்கள். சாய்ந்து உட்கார்ந்தபடி. ஒருவர் தலை இன்னொருவர் தோளில். மாமா கையில் சுத்தியல் இருந்தது. சுவரில் நெஞ்சு உயரத்துக்குக் கல் தேய்ந்து குழியாகி இருந்தது. என் கை மணிக்கட்டு வரைக்கும் அந்தக் குழிக்குள் போயிற்று.

சுவர் வைக்கும்போது அவர்கள் உயிரோடு இருந்தார்கள், அக்கா. தட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. அல்லது கேட்டது.

வெளியே வந்ததும் அதிகாரிகள் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்கள். பாறைக்கு அடியில் கிடந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள், குடும்பங்கள் நிம்மதியாக இருக்கட்டும், ஊரில் கலவரம் வேண்டாம் என்றார்கள். இது கம்பெனி செய்த தப்பு. நம் ஆட்சி எதற்காக அதை மூட வேண்டும் என்று கேட்டேன். "நாளைக்கு நாமும் ஒரு சுவர் வைக்க வேண்டி வரும், தம்பி" என்றார் ஒருவர். நல்ல மனிதர்தான். எல்லோருமே நல்ல மனிதர்கள்தான்.

கம்பெனி போனால் போதும் என்று நம்பினேன். நான் நம்பியது முழுப் பொய் என்று இன்னும் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் குழிக்குள் கை போன பிறகு, பொது நன்மை என்ற வார்த்தையை டைப்பு அடிக்கும்போது விரல் நிற்கிறது.

அடுத்த வாரம் விசாரணை. உள்ளே போனவர்கள் எல்லோரும் சாட்சி சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். அது இருக்கட்டும். சொன்னால் மற்ற வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்துவிடும். நீ என்ன சொல்கிறாய்?

சித்தார்த்தன்

*

ஆண்டர்சன்பேட்டை
6-10-1957

தம்பி,

கடுதாசி வந்திச்சி. கடைய ரெண்டு நாளு தொறக்கல.

மத்த வூட்டு பொம்பளைங்கள எல்லாம் கூட்டி ஒக்கார வச்சி நானே படிச்சி காட்டிட்டேன். ஒருத்தி எழுந்து போயிட்டா. ஒருத்தி என்னைய அடிச்சா. அடிக்கட்டும். அப்புறம் எல்லாரும் சேந்து ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. எந்தக் கம்பெனியோ எந்த சர்க்காரோ, இனிமே சுவர் வைக்கிறதுக்கு முன்னாடி மெஷின் எல்லாம் நிக்கணும். உள்ள மாட்டிகினவன் வூட்டு ஆளு ஒருத்தரு வந்து காது வச்சி கேக்கணும். அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் மொத கல்லு. அத்த சட்டமா எழுதித் தரச் சொல்லு.

நீ போயி சொல்லு. பாத்தத சொல்லு.

அக்கா

*

தார்வார்
14-1-1958

அக்கா,

இந்த ஊரில் குளிர் அதிகம். மாற்றல் என்றுதான் உத்தரவு, தண்டனை என்று எங்கும் இல்லை. வேலையே போகும் என்று நினைத்தேன், போகவில்லை. நான் பார்த்ததைச் சொன்னதும் விசாரணை அதிகாரி பேனாவை மூடிவிட்டார். அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று எனக்குக் காட்டவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. சட்டமாக இல்லை, ஹார்விக் சுரங்கத்துக்கு மட்டும் ஒரு விதியாக. சங்கமும் நிர்வாகமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தீ நேரத்தில் ஒவ்வொரு நிமிஷமும் உயிர், இது பைத்தியக்கார விதி என்று மேனேஜர் சண்டை போட்டாராம். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, அக்கா. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். 

சத்தம் இப்போதும் வருகிறதா? நீ எழுதவே இல்லை.

சித்தார்த்தன்

*

ஆண்டர்சன்பேட்டை
22-9-1958

தம்பி,

நீ கேட்ட சத்தம் எங்கடைக்குக் கீழ இப்ப இல்ல. அடக்கம் பண்ண அன்னியோட நின்னு போச்சி. இருந்தாத்தானே எழுத. ஆனா இன்னிக்கு எழுதறேன்.

போன வெள்ளிக்கெழம ஹார்விக்ல திரும்ப தீ. கீழ் லெவல்ல மரக்கட்டை புடிச்சிகிச்சி. எல்லாரயும் மேல ஏத்திட்டாங்க, ஏசுபாதம்னு ஒருத்தன் மட்டும் வரல. அவன் பெண்டாட்டி சம்பங்கி, மாசமா இக்கிறா. அவள கூட்டிகினு ஷாஃப்டுக்கு ஓடினாங்க. நானும் பின்னாடியே போனேன். கீழ கொர்னேலியஸ் ஆளுங்களோட கல்லு சாந்து எல்லாம் தயாரா வச்சிகினு நிக்கிறாரு. பொக ஏறிகினே இக்கிது. விதிப்படி மெஷின் எல்லாத்தயும் நிறுத்திட்டாங்க. மேனேஜர் சொல்றாரு, சீக்கிரம் சொல்லுங்கம்மா, காத்து மெஷினு நின்னுட்டதால கீழ நிக்கறவங்களுக்கு மூச்சு முட்டுது, கல்லு வச்சிட்டா அவங்கள ஏத்திடலாம்னு.

காத்துக் குழாய் கீழ வரைக்கும் போவுது இல்ல, அதுல காது வைக்கணும். சம்பங்கி வச்சா. எந்நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது, வேற ஒண்ணும் கேக்கலக்கான்னு அழுவறா. "நீங்க கேளுங்கக்கா, உங்களுக்குத்தான் கேக்கும்"னு எங்கைய புடிச்சிகினா. மேனேஜரும் தலய ஆட்டுனாரு.

காது வச்சேன். இரும்பு கொதிக்குது. ஒண்ணும் இல்ல. எவ்ளோ நேரம்னு தெரியல. போன் மணி அடிக்குது, கீழ ஒருத்தன் மயங்கிட்டான்னு. எல்லாரும் எம்மூஞ்சியவே பாக்கறாங்க. வச்சிடுங்கன்னு அந்த வார்த்த நாக்குல வந்து ஒக்காந்திச்சி. சித்தார்த்தா, சத்தியமா சொல்றேன், துரை வாயிலயும் அது இப்பிடித்தான் ஒக்காந்திருக்கும். அவன நான் மன்னிக்கல. ஆனா அந்த வார்த்தைக்கு எவ்ளோ எடைன்னு தெரிஞ்சிகினேன்.

அப்ப தட்டிச்சி. மூணு. நிறுத்தி, மூணு.

நான் கைய தூக்குனேன். மேனேஜர் ஓடி வந்து காது வச்சாரு, கேக்கலன்னாரு. வேலு மாமா வந்து வச்சாரு. என்ன பாத்து தலய மெள்ள ஆட்டுனாரு, இல்லன்னு. எனக்கு மட்டும் தெளிவா கேக்குது. ஒரே பயம். உள்ள இக்கிறவன் தட்டறானா, இல்ல எனக்குப் பழகிப்போன அதே சத்தமா? உசுரோட இக்கிறவன் தட்டறதுக்கும் செத்தவன் தட்டறதுக்கும் வித்தியாசம் இன்னான்னு யாரயும் கேக்க முடியாது. ஒரு ஆள் உசுருக்காக அத்தினி பேர நிக்க வைக்கிறது நான். நீ அன்னிக்கு எழுதுனியே, ஒருத்தர விட பலர் பெருசுன்னு. அது எல்லாம் அப்ப எந்தலையில ஓடிச்சி.

"ஆள் இக்கிது, சுவர் வைக்காதீங்க"ன்னேன்.

மேனேஜர் போன எடுத்தாரு. மத்தவங்கள மேல வரச் சொன்னாரு, உள்ள யாரு போறதுன்னு அவங்க இஷ்டம்னாரு. கொர்னேலியஸ் ஈரத்துணிய மூஞ்சில கட்டினு தனியாவே போயிருக்காரு. ஏசுபாதத்த முதுவுல போட்டு இழுத்துகினு வந்துட்டாரு. அப்புறம்தான் சுவர் வச்சாங்க.

அவன் பொழச்சிட்டான். கொர்னேலியசுக்கு நெஞ்செல்லாம் பொக. இன்னும் கறுப்பாதான் துப்பறாரு. ஆஸ்பத்திரியில அவுரு பெண்டாட்டி என்ன பாத்தா மூஞ்ச திருப்பிக்கறா. தெனம் கஞ்சி கொண்டு போயி வச்சிட்டு வர்றேன், அவ தொடறதில்ல, ஆனா பாத்திரம் காலியாதான் திரும்பி வருது.

நேத்து ஏசுபாதத்த பாத்தேன். பேசறான். சம்பங்கி பக்கத்துல ஒக்காந்துகினு, "அக்காதான் நீ தட்டுனத கேட்டாங்க, கும்புடு"ன்னா. அவன் முழிக்கிறான்.

"இன்னாக்கா சொல்றீங்க? கட்டை வுழுந்து ரெண்டு கையும் அடியில மாட்டிகினு இருந்திச்சி. அசைக்கவே முடியல. நான் எங்க தட்டுனேன்? சுத்தியல் கூட எங்கிட்ட இல்ல. அரை மயக்கத்துல இக்கசொல்ல யாரோ பக்கத்துல ஒக்காந்துகினு இருந்த மாதிரி இருந்திச்சி, கொர்னேலியஸ் மேஸ்திரின்னு நெனச்சேன். அவுரு அப்புறம்தான் வந்தாராம்."

அவன் கைய பாத்தேன். தோள்பட்டைலர்ந்து வெரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு.

தம்பி, கஞ்சி ஆறிப் போவுதுன்னு சொல்லி, ஸ்பூன்ல எடுத்து, ஊதி, அவன் வாயில வச்சேன்.

அக்கா